நரைக்கு டை அடிப்பதா, அப்படியே விடுவதா: படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

நரை விஷயத்தில் நான் பார்த்த தடுமாற்றங்களில் பெரும்பாலானவை வரிசை பிழைத்ததால் வந்தவை. கண்ணாடியில் நாலு வெள்ளை முடி தெரிந்த அன்றே கடைக்குப் போய்க் கறுப்பு டைப் பெட்டி ஒன்றை வாங்கி, இரவே பூசிவிட்டு, அதற்குப் பிறகுதான் யோசிக்கத் தொடங்குகிறார்கள். நிரந்தர டை ஏறிவிட்டால் கழுவி எடுக்க முடியாது. வளர்ந்து வெட்டுப்படும் வரை தலையிலேயே இருக்கும்.

திருகோணமலை உப்புவெளியில் அக்கம்பக்கத்துப் பெண்களுக்கும் அவர்களின் வீட்டு ஆண்களுக்கும் தலை பார்த்துவிடுகிறவள் நான். யார் வந்தாலும் இந்த ஒழுங்கில்தான் கூட்டிப்போவேன்: திரும்ப மாற்றக்கூடிய வேலைகள் எல்லாம் முதலில், மாற்ற முடியாதவை கடைசியில்.

1. தொடங்க முன் வேண்டியவை

முதலாவது, நேரம். கலியாணமோ கோயில் திருவிழாவோ இருந்தால் அதற்குக் குறைந்தது மூன்று கிழமைக்கு முன்பு தொடங்குங்கள். தோல் சோதனைக்கு இரண்டு நாள் போகும், நிறம் பிடிக்காவிட்டால் திருத்த ஒரு கிழமை வேண்டும், புதிதாக அடித்த டையின் கூர்மை அடங்க இன்னும் சில நாள் வேண்டும். கலியாணத்துக்கு முதல் நாள் டை அடிப்பதுதான் நான் அதிகம் காணும் பிழை. நெற்றி ஓரத்தில் கறுப்புக் கறையோடு மணவறைக்குப் பக்கத்தில் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது, இரண்டு கண்ணாடியும் நல்ல பகல் வெளிச்சமும். கிழக்குப் பார்த்த வாசலில் காலை எட்டு மணி போல நின்றால் போதும். குளியலறை விளக்கு நரையைக் கூட்டியும் காட்டும், குறைத்தும் காட்டும். அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

மூன்றாவது, ஒரு சிறு குறிப்புப் புத்தகம். என்ன பூசினீர்கள், எந்த இலக்கம், எந்தத் திகதி என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து நீங்களோ சலூன்காரரோ கேட்கப்போகும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

2. உடம்பை முதலில் பாருங்கள்

வயதோடு வருகிற நரைக்கு வைத்தியம் தேவையில்லை. ஆனால் 25 வயதுக்கு முன்னரே பரவலாக நரைத்தால், அல்லது நரையோடு சேர்ந்து களைப்பு, வெளிறிய முகம், கை கால் விறைப்பு, முடி கொட்டுதல் இருந்தால், டை கடைக்குப் போக முன் வைத்தியரிடம் போங்கள். பி12 குறைபாடும் இரும்புச்சத்துக் குறைவும் தைரொயிட் கோளாறும் இளநரையோடு சேர்ந்து காணப்படுபவை. பி12 இயற்கையாகக் கிடைப்பது மீன், இறைச்சி, முட்டை, பால் போன்றவற்றிலிருந்துதான். பாலும் அதிகம் சேர்க்காத சுத்த சைவக்காரர் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும்.

திருகோணமலைப் பொது வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில் காட்டினால் என்ன இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று சொல்வார்கள். இந்தப் படியை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. டை அடித்து மறைத்துவிட்டால் நரை கூடுகிறதா நிற்கிறதா என்று உங்களுக்கே தெரியாமல் போய்விடும்.

எண்ணெய் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கையாந்தகரையும் நெல்லியும் போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தலைக்கு நல்லது, முடி மிருதுவாகும். ஆனால் வெள்ளையாக வெளியே வளர்ந்துவிட்ட முடி எண்ணெயால் கறுக்காது. நிறம் உண்டாவது வேரில். வெளியில் இருக்கும் முடிக்கு உயிர் இல்லை. எண்ணெயை நம்பி ஒரு வருடம் காத்திருந்து மனம் நொந்தவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

3. நரை எங்கே, எவ்வளவு

முடியை நாலு பாகமாகப் பிரித்து, காதோரம், முன் வகிடு, உச்சி, பின்கழுத்து என்று தனித்தனியாகப் பாருங்கள். பெரும்பாலும் காதோரத்தில் தொடங்கி உச்சிக்குப் போய்க் கடைசியில்தான் பின்பக்கம் வரும். பின்பக்கம் முழுக்கக் கறுப்பாக இருக்கும்போது தலை முழுவதற்கும் டை பூசுவது வீண் வேலை.

அங்கங்கே பத்து இருபது முடிதான் என்றால் டை என்ற பேச்சே வேண்டாம். சின்னக் கத்தரிக்கோலால் வேரோரம் வெட்டிவிட்டால் போதும். பிடுங்காதீர்கள். ஒன்று பிடுங்கினால் ஒன்பது முளைக்கும் என்பது வெறும் பேச்சு, ஆனால் ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் வேர் பழுதாகி அங்கே முடியே இல்லாமல் போகலாம்.

காதோரத்தில் மட்டும் பட்டையாக வெள்ளை இருந்தால், அந்த இடத்துக்கு மட்டும் பூசலாம், அல்லது அழகாக வெட்டி அப்படியே விடலாம். தலை முழுக்கப் பாதிக்கு மேல் வெள்ளை என்றால்தான் இந்த முடிவு உண்மையிலேயே கனமானது. அவர்கள் அடுத்த இரண்டு படிகளையும் அவசரப்படாமல் செய்ய வேண்டும்.

4. யாருக்காக என்று கேளுங்கள்

ஒரே ஒரு விசேஷத்துக்காக என்றால், ஒரு முறை முழுகினால் போகிற தற்காலிக நிறம் போதும். நிரந்தர டை தேவையே இல்லை. வேலைக்காக என்றால், உதாரணமாக நிலாவெளிப் பக்கத்து ஹோட்டலில் வரவேற்பில் நிற்கிறீர்கள் என்றால், வேலை கேட்பது கறுப்பு முடியையா, ஒழுங்கான முடியையா என்று பாருங்கள். அனேகமாக இரண்டாவதுதான். வடிவாக வெட்டிய வெள்ளை முடி, வேர் வெளுத்து நுனி கறுத்த முடியை விட எவ்வளவோ ஒழுங்காகத் தெரியும்.

மற்றவர்களின் வாய்க்குப் பயந்து என்றால் கொஞ்சம் பொறுங்கள். பிள்ளைக்குக் கலியாணம் பேசும் நேரத்தில் "என்ன அக்கா, இப்பிடி நரைச்சுப் போய் நிக்கிறீங்கள்?" என்பார்கள். அதே ஆட்கள் கணவனை இழந்த பெண் டை அடித்தால் அதற்கும் ஒரு கதை வைத்திருப்பார்கள். இந்த வாய்களைத் திருப்திப்படுத்த எந்த நிறமும் கிடையாது. நீங்களே ஆசைப்பட்டு அடிப்பது முழுக்கச் சரி, ஆசைப்பட்டு விடுவதும் முழுக்கச் சரி. இரண்டுக்கும் யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை.

5. ஒரு வருடக் கணக்கு

முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்ரிமீற்றர் வளரும். ஆகவே டை அடித்து இரண்டு மூன்று கிழமையில் வகிட்டிலும் காதோரத்திலும் வெள்ளைக் கோடு தெரியும். நாலு கிழமைக்கு ஒரு தடவை என்றால் வருடத்துக்கு 13 தடவை. ஒரு பெட்டியின் விலையை, சலூன் என்றால் அங்கே கேட்கும் காசை, 13ஆல் பெருக்குங்கள். ஒவ்வொரு தடவைக்கும் அரை நாள் என்று நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள்.

விடும் பக்கத்துக்கும் கணக்கு உண்டு. ஏற்கனவே டை அடித்த 30 சென்ரிமீற்றர் நீள முடி முழுவதும் இயற்கை நிறத்துக்கு வர இரண்டரை வருடம் ஆகும். ஆணின் குட்டை முடிக்கு நாலைந்து மாதம் போதும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் தொடங்கி மூன்றாம் மாதம் பொறுமை இழந்து திரும்பக் கறுப்பு அடித்தால், காத்திருந்த மூன்று மாதமும் வீண்.

இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பலருக்கு முடிவு தானாக வருகிறது.

6. இரண்டையும் ஒத்திகை பாருங்கள்

டை அடித்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, வேரில் பூசும் நிறத்தூளோ மஸ்காரா போன்ற குச்சியோ வாங்கி, காதோரத்திலும் வகிட்டிலும் பூசி, ஒரு நாள் முழுக்க அப்படியே வெளியே போய் வாருங்கள். பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுங்கள். இரவில் கழுவினால் போய்விடும். மழைக்கும் வியர்வைக்கும் வழியும் என்பதால் வெள்ளைச் சட்டை வேண்டாம்.

விட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க, விசேஷம் எதுவும் இல்லாத ஆறு, எட்டுக் கிழமை டையைத் தள்ளிப்போடுங்கள். வளர்ந்த வேரில் தெரிவதுதான் உங்கள் உண்மையான நிறம். சிலருக்குப் பளிச்சென்ற வெள்ளி வரும், சிலருக்கு உப்பும் மிளகும் கலந்த மாதிரி வரும். இதைப் பார்க்காமல் "எனக்கு நரை சரிவராது" என்று சொல்பவர்கள் பார்த்திராத ஒன்றைத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

7. அடிப்பது என்றால், எந்த வகை

இங்கேதான் அதிகம் குழப்பம், அதனால் கொஞ்சம் விரிவாக.

அரை நிரந்தர நிறம் முடியின் மேற்பரப்பில்தான் பிடிக்கும். நாலு முதல் பன்னிரண்டு முழுக்குக்குள் மங்கிவிடும். நரை குறைவாக இருக்கிறவர்களும் முதல் தடவை அடிப்பவர்களும் இதில் தொடங்குவது நல்லது. மங்கும்போது கோடு விழாமல் மெதுவாக மங்கும்.

நிரந்தர டை முடிக்குள் போய் உருவாகிற நிறம். அமோனியா முடியின் மேல்தோலைத் திறக்கிறது, ஹைட்ரஜன் பெரொக்சைட் நிறத்தை உண்டாக்குகிறது. நரையை நன்றாக மூடுவது இதுதான். சலூனில் நரைக்குப் பாவிப்பது பெரும்பாலும் 20 வொல்யூம், அதாவது 6% பெரொக்சைட். அதற்கு மேல் போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

"அமோனியா இல்லை" என்று பெட்டியில் இருந்தால் மணம் குறைவு, அவ்வளவுதான். ஒவ்வாமையை அதிகம் உண்டாக்குகிற பிபிடி, அதாவது பாரா ஃபீனைலீன்டயமின், அதிலும் இருக்கலாம். தண்ணீரில் கரைத்துப் பூசும் தூள் டைகளிலும் இருக்கலாம். "மூலிகை" என்று பச்சை இலைப் படம் போட்ட கறுப்பு டையிலும் இருக்கலாம். முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தின் சின்ன எழுத்தை வாசியுங்கள்.

மருதோன்றிக்கு வருவோம். சுத்தமான மருதோன்றித் தூள் பச்சை நிறம், வெள்ளை முடியில் செம்மஞ்சளாகவோ செம்பாகவோதான் பிடிக்கும். மருதோன்றி மட்டும் போட்டுக் கறுப்பு வரும் என்று யாராவது சொன்னால் அதற்குள் வேறு ஏதோ கலந்திருக்கிறது. இயற்கையாகக் கறுப்புப் பக்கம் போக இரண்டு கட்டம் வேண்டும்: முதலில் மருதோன்றி, கழுவிய பிறகு அவுரி இலைத் தூள். மருதோன்றியைத் தேசிக்காய்ச் சாறு கொஞ்சம் விட்டுச் சில மணித்தியாலம் ஊற வைக்கலாம். அவுரிக்குப் புளிப்பு ஆகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்து, கால் மணித்தியாலத்துக்குள் பூசத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் வலு போய்விடும். இரண்டையும் ஒன்றாக ஊற வைத்துவிட்டு "பிடிக்கவில்லை" என்று வருபவர்கள் நிறையப் பேர். ஜி6பிடி என்ற நொதி பிறப்பிலேயே குறைவாக உள்ளவர்கள் மருதோன்றியையும் வைத்தியரைக் கேட்காமல் பூசக்கூடாது, இரத்தச் சிவப்பணுக்கள் சிதையலாம்.

மருதோன்றிப் பொதிகள் சிலவற்றில் உலோக உப்பு இருக்கும். அதன் மேல் பெரொக்சைட் டை போட்டால் முடி சூடாகும், நிறம் பச்சையாகத் திரியலாம், உடைந்தும் போகலாம். சீப்பில் சிக்கிய முடியைச் சேர்த்து, அதில் முதலில் பூசிப் பாருங்கள்.

அடுத்தது நிறம். பெட்டி இலக்கத்தில் 1 கறுப்பு, 3 கடும் கபிலம், 4 நடுத்தரக் கபிலம். 1ஐ எடுக்காதீர்கள். நம் முடி அவ்வளவு கறுப்பு இல்லை, வயது ஏறும்போது தோலின் நிறமும் மாறும், தனிக் கறுப்பு முகத்தைக் கடுமையாக்கும். இன்னொரு காரணம்: டைக்கு மேல் டை போட்டு வெளுக்க முடியாது. 3 போதாவிட்டால் கறுக்க வைக்கலாம், 1 கூடிவிட்டால் பிளீச் தவிர வழி இல்லை.

8. தோல் சோதனை: 48 மணித்தியாலம்

இந்தப் படியைத் தாண்டிப் போக எந்த அவசரமும் காரணமாகாது.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் சொன்னபடி கொஞ்சம் எடுத்து, காதுக்குப் பின்னாலோ முழங்கை மடிப்பிலோ ஒரு சிறு பொட்டு வைத்து, 48 மணித்தியாலம் பாருங்கள். ஏன் இரண்டு நாள்? இந்த ஒவ்வாமை உடனே காட்டாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள்தான் அரிப்பும் சிவப்பும் கொப்புளமும் வரும். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டு "ஒன்றும் இல்லை" என்பது சோதனையே இல்லை.

ஒவ்வொரு தடவையும் செய்ய வேண்டும். பத்து வருடம் ஒரே டையைப் பூசியவருக்கும் பதினோராம் வருடம் ஒவ்வாமை வரலாம். உடம்பு மெதுவாகத்தான் அதைப் பகைத்துக்கொள்கிறது.

கலியாண வீட்டிலோ கடற்கரையிலோ கையில் கறுப்பு மெஹெந்திக் கோன் போட்டு முன்பு கொப்புளம் வந்திருக்கிறதா? அப்படியானால் பிபிடி உள்ள டை உங்களுக்கு இல்லை. அந்தக் கறுப்புக் கோன்களில் பெரும்பாலும் இருப்பது அதே பொருள்தான். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து மணப்பெண் அலங்காரத்துக்கு வரும் பிள்ளைகளிடமும் நான் இதை முதலில் கேட்பேன்.

கண்ணிமை வீங்கினாலோ உச்சந்தலை எரிந்தாலோ உடனே நிறையத் தண்ணீரால் கழுவி வைத்தியரிடம் போங்கள், டைப் பெட்டியையும் கையோடு கொண்டு போங்கள். முகம், உதடு வீங்கி மூச்சு முட்டினால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். புருவத்துக்கும் கண்ணிமை மயிருக்கும் தலை டையைப் பூசவே கூடாது, பார்வைக்கே ஆபத்து. கர்ப்பமாக இருந்தால் முதல் 12 கிழமை தள்ளிப்போடுவது வழக்கம், வைத்தியரையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

9. அடிக்கும் நாள்

முதல் நாளே முழுகிவிடுங்கள். அன்றைக்கு முழுகினால் தோலின் இயற்கை எண்ணெய் போய் எரிச்சல் கூடும். நாள்தோறும் தேங்காயெண்ணெய் வைப்பவர்கள் அன்று வைக்க வேண்டாம், டை பிடிக்காமல் வழுக்கும்.

நெற்றி ஓரத்துக்கும் காதுக்கும் வாஸ்லின். கைக்குக் கையுறை. பிளாஸ்டிக் அல்லது பீங்கான் கோப்பை, உலோகம் வேண்டாம். காற்றோட்டமான இடம், கதவு பூட்டிய குளியலறை அல்ல.

நரை கூடிய இடத்தில் தொடங்குங்கள், அதற்குத்தான் நேரம் அதிகம் வேண்டும். இரண்டாம் தடவையிலிருந்து வளர்ந்த வேருக்கு மட்டும் பூசுங்கள். ஒவ்வொரு தடவையும் நுனி வரை இழுத்துப் பூசினால் நுனி கரிபோலக் கறுத்து, காய்ந்து உடையும். பெட்டியில் சொன்ன நேரத்துக்கு மேல் வைத்திருப்பதால் நிறம் கூடாது, எரிச்சல்தான் கூடும். மிஞ்சிய கலவையை மூடி வைக்காதீர்கள், வாயு சேர்ந்து வெடிக்கலாம். பாவிக்காத பெட்டி சிறுபிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் பூட்டி இருக்கட்டும், விழுங்கினால் உயிருக்கு ஆபத்து.

தாடி மீசைக்குத் தோல் இன்னும் மென்மை. தலைக்கு ஒத்துக்கொண்டது முகத்துக்கும் ஒத்துக்கொள்ளும் என்று எண்ணி ஒரே நாளில் இரண்டுக்கும் பூசாதீர்கள்.

அப்புறம் நம் ஊர் வெயில். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெயிலும் உப்பும் சேர்ந்து டையைச் செம்பட்டையாக்கும். குடையோ தொப்பியோ வேண்டும். கடலில் இறங்க முன் நல்ல தண்ணீரால் முடியை நனைத்துக்கொண்டால் உப்புத் தண்ணீர் குறைவாக ஊறும். அடித்து முதல் சில நாள் தலையணைக்குப் பழைய துவாய் ஒன்று விரியுங்கள்.

10. விடுவது என்றால்

விடுவதும் ஒரு வேலைதான். முதல் வேலை வெட்டு. முடியை எவ்வளவு குட்டையாக வெட்ட மனம் வருகிறதோ அவ்வளவு சீக்கிரம் இரண்டு நிறக் கோடு போகும். மனம் வராதவர்கள் நேர் வகிட்டை விட்டு வளைத்துப் பிரித்துச் சீவலாம், கொண்டை போடலாம். சலூனில் வேரோரத்தின் வெள்ளையோடு கலக்கும்படி மெல்லிய கீற்றுகளாக நிறம் போடவும் செய்வார்கள்.

வெள்ளை முடி பெரும்பாலும் முரடாகவும் வறட்சியாகவும் இருக்கும். கண்டிஷனரைத் தவறவிடாதீர்கள். வெயில், புகை, இரும்புச்சத்துள்ள குழாய்க் கிணற்றுத் தண்ணீர், கனமாக வைக்கும் எண்ணெய் எல்லாம் அதை மஞ்சளாக்கும். கிழமைக்கு ஒரு தடவை ஊதா ஷாம்பூ போட்டால் மஞ்சள் அடங்கும். நாள்தோறும் போட்டால் முடி ஊதா அடிக்கும். கடைசியாக அலசும் தண்ணீர் மஞ்சள் படிவு இல்லாததாக இருக்கட்டும்.

பாதி வழியில் ஒரு கலியாணம் வந்து கோடு மனதைக் குழப்பினால், நிரந்தர டைக்குத் திரும்பாமல், பிபிடி இல்லாத அரை நிரந்தர நிறத்தில், உங்கள் கறுப்பை விட ஒரு படி வெளிறியதாக எடுத்து வேருக்கு மட்டும் பூசுங்கள். அதற்கும் 48 மணித்தியாலச் சோதனை உண்டு. சில கிழமை முழுக்கில் அது மங்கிவிடும், அதுவரை வளர்ந்த மாதங்களும் உங்களிடமே இருக்கும்.